பலகையில் போட்ட துளைகள்

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. வீட்டில் எல்லோரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் இதை ஒரு வசதியாகத்தான் நினைக்கிறேன். மறந்துபோகிறவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கோபப்பட வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தச் சிரமம் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இப்போது சொல்லப்போவது ஒரு பலகையைப் பற்றிய கோபம். லாங்போர்டு என்பார்கள். இரண்டு முழ நீளத்தில், நான்கு சக்கரம் வைத்த சறுக்குப்பலகை. ஒரு காலை மேலே வைத்து, இன்னொரு காலால் தரையைத் தள்ளி ஓட்ட வேண்டும். சரிவு கிடைத்தால் தள்ளவும் வேண்டாம், சும்மா நின்றால் போதும். நிறுத்துவதற்கும் கால்தான். பின்னங்காலை இறக்கிச் ஷூவின் அடியைத் தாரில் தேய்த்தால் வேகம் குறையும். ஓசூரில் இதை ஓட்டுகிற ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. நானும் அதில் ஒருத்தி.

தேன்கனிக்கோட்டை போகும் வழியில் ஒரு பாறைக்குன்றை ஒட்டி மனை போட்டிருக்கிறார்கள். ரோடு வந்துவிட்டது, தெருவிளக்குக் கம்பம் வந்துவிட்டது, பூங்கா என்று எழுதிய பலகைகூட வந்துவிட்டது. வீடு மட்டும் ஒன்றும் வரவில்லை. குன்றின் தலையிலிருந்து அடிவாரம் வரை பாம்பு மாதிரி நெளிந்து இறங்கும் வழவழப்பான தார் ரோடு, வண்டியே வராது. எங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? காவலாளி தெலுங்குக்காரர். அவருடைய ஆடுகளைப் பயமுறுத்தக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில் எங்களை உள்ளே விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் நாங்கள் அங்கேதான் இருப்போம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருகிறவர் நடு வளைவைப் பெருக்க வேண்டும். பக்கத்தில் கல் குவாரிகள், காற்று அடித்தாலும் அந்தப் பக்கம் லாரி போனாலும் சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி வந்து விழும். எங்கள் சக்கரம் சின்னது. ஒரு பொடிக்கல் மாட்டினால் சக்கரம் நிற்கும், நாம் நிற்க மாட்டோம். அதனால் வளைவில் ஒரு தென்னந்துடைப்பம் எப்போதும் புதருக்குள் கிடக்கும். பெருக்காமல் யாரும் இறங்குவதில்லை. கையுறையின் உள்ளங்கையில், காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வட்டமாக வெட்டி ஒட்டியிருப்போம். விழும்போது கை ஊன்றினால் சறுக்கிக்கொண்டு போகும், தோல் மிஞ்சும்.

அந்த ரோட்டுக்குத்தான் மின்சாரப் பலகைக்காரர்கள் வந்தார்கள். பலகை அதே பலகைதான். அடியில் பேட்டரிப் பெட்டி, பின் அச்சில் மோட்டார், கையில் ரிமோட். பெங்களூரு பக்கமிருந்து சிலர், எங்கள் தொழிற்பேட்டையிலிருந்தே சிலர். பெரிய காற்றடைத்த சக்கரம் என்பதால் அவர்களுக்குக் கல்லும் மண்ணும் ஒன்றுதான். நாங்கள் பெருக்கி முடித்த வளைவில் அவர்கள் ஏறிப்போனால் ஓரத்துக் கல்லெல்லாம் திரும்ப நடுரோட்டுக்கு வந்துவிடும். அவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அவர்கள் வண்டி போடும் சத்தத்தை வைத்து நாங்கள் அவர்களுக்கு மிக்ஸி என்று பேர் வைத்தோம். அதோ மூன்று மிக்ஸி வருது என்போம். லிஃப்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போய்விட்டு மலை ஏறினேன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் என்பது எங்கள் கட்சி. பேட்டரி தீர்ந்து ஒருவன் பலகையைச் சுமந்துகொண்டு நடப்பதைப் பார்த்தால் அன்று எங்களுக்குப் பண்டிகை. அவர்கள் சளைத்தவர்கள் இல்லை. எங்களைத் தள்ளுவண்டி என்றார்கள். வீட்டில் மிக்ஸியை வைத்துக்கொண்டு ரோட்டில் வந்து அம்மி அரைக்கிற கூட்டம் என்று அவர்களில் ஒருத்தர் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அதில் உண்மை இருந்ததால் அதிகமாக எரிந்தது. நான் வேலை பார்க்கிற கம்பெனி மின்சார ஸ்கூட்டருக்குப் பற்சக்கரம் செய்கிறது. நான் அங்கே தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வாரம் முழுக்க மோட்டாருக்குச் சேவகம், ஞாயிறு மட்டும் மோட்டாருக்கு எதிரி.

எனக்கு மோட்டார் பலகைமேல் பெரிய வெறுப்பு ஒன்றும் அப்போது கிடையாது. கேலிதான். வெறுப்பு வந்தது ஒரே ஒரு ஆளால்.

அவனும் என் கம்பெனிதான். மெயின்டனன்ஸ் பிரிவு. ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவிதான் சொந்த ஊர். நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போன பழக்கம், அவனும் லாங்போர்டு ஓட்டுவான் என்று தெரிந்ததும் நட்பாகிவிட்டது. கம்பெனியில் சிலர் வேறு மாதிரி பேசினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அப்படி இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்றுகூடச் சில நேரம் தோன்றும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தாவுக்குப் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பிளைவுட் கடை. அங்கேதான் நான் என் பலகையைச் செய்தேன். கடையில் வாங்கிய பலகை யாரோ ஒரு ஆளின் எடைக்குச் செய்தது. எனக்கு என் எடைக்கு வேண்டும். வினீர் என்கிற மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, வளைவாகச் செதுக்கிய அச்சுக்கட்டைகளுக்கு நடுவே வைத்து, லாரி ஜாக்கியால் அழுத்த வேண்டும். முதல் முறை செய்தது முறுக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் முறை அவனும் உதவிக்கு வந்தான். நான் பசை தடவ அவன் அடுக்கினான், அவன் ஜாக்கி திருப்ப நான் விளிம்பைப் பார்த்துக்கொண்டேன். பசை காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை, ஆனாலும் ஒரு கையும் இடிபடவில்லை. வெளியே எடுத்தபோது லேசாக வில் மாதிரி மேலே வளைந்திருந்தது. நான் ஏறி நின்றேன், வில் நேரானது. இறங்கினேன், மறுபடி வளைந்தது. அத்தா கல்லாவிலிருந்து எட்டிப்பார்த்து, பரவாயில்லையே என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

அந்தப் பலகையில் போன சுகத்தைச் சொல்லத் தெரியவில்லை. வளைவில் உடம்பைச் சாய்த்தால் அது அடியில் அழுந்தி, பிறகு என்னைக் கொஞ்சம் தூக்கிவிடும். நான் அதற்கு வண்ணம் அடிக்கவில்லை, படம் வரையவில்லை. மரம் மரமாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

என் அக்காவுக்குக் கிருஷ்ணகிரியில் பிரசவம். துணைக்கு ஒரு மாதம் போய் இருக்க வேண்டி வந்தது. பலகையைச் சும்மா சுவரில் சாய்த்து வைத்தால் திருகிப்போய்விடும் என்று அவனிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது உன்னுடையது என்றே நினைத்து ஓட்டு என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னேன், மறைக்கவில்லை. எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. சாப்பிட வந்தவரிடம் இது உங்கள் வீடு மாதிரி என்கிறோம். அவர் உடனே கடப்பாரை எடுத்து வந்து சுவரை இடிப்பதில்லை.

திரும்பி வந்த முதல் ஞாயிறு. நான் நண்பர் ஒருவரின் பழைய பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டில் நடந்து ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மிக்ஸிச் சத்தம். ஒதுங்கினேன். என்னைத் தாண்டிப் போய்ச் சிரித்துக்கொண்டே நின்றது அவன். காலடியில் என் பலகை. கால் வழுக்காமலிருக்க மேலே முழுக்கக் கறுப்பு உப்புத்தாள் ஒட்டியிருந்தான். கவிழ்த்துக் காட்டினான். அடியில் பேட்டரிப் பெட்டி. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பலகையை ஊடுருவி இந்தப் பக்கம் வந்திருந்தன. என் கையால் தேய்த்து வழவழப்பாக்கிய மரத்தில், ஓரம் பிசிறடித்த துளைகள்.

அவன்தான் பேசினான். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், பெட்டியை எப்படிப் பொருத்தினான் என்று. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"எறங்குறது ஒரு நிமிசம். ஏறுறதுக்கு அரை மணி. பாதி ஞாயித்துக்கெழம நடந்தே போவுது. இப்பதான் இது உருப்படியா ஓடுது."

அந்த அரை மணி நேரம்தான் எங்கள் பேச்சு முழுவதும் நடந்தது. ஷிஃப்டு சூப்பர்வைசரைத் திட்டியது, அவன் அப்பாவின் நிலத்தகராறு, எனக்கு வந்துபோன மாப்பிள்ளைகளைப் பற்றிச் சிரித்தது எல்லாம் அந்த மேட்டில் நடந்து ஏறும்போதுதான். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் நல்ல பாதி. அவனுக்கு அது வீணாய்ப்போன பாதி என்று அன்றுதான் தெரிந்தது. துளை எங்கே விழுந்தது என்று என்னிடம் கேட்டால் பலகையைக் காட்ட மாட்டேன்.

கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் வேண்டாம் என்றிருப்பாய் என்றான். உண்மை. நானும்தானே ஜாக்கி திருப்பினேன் என்றும் சொன்னான். அது அதைவிடப் பெரிய உண்மை, அதனால்தான் அவனை அங்கேயே அறையத் தோன்றியது. போல்ட்டை எடுத்துவிட்டுத் துளையை மரத்தூள் வைத்து அடைத்துத் தருகிறேன் என்றான். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் போலிருக்கிறது. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்திருப்பான். எனக்குப் பெருந்தன்மை கிடையாது. திரும்ப வாங்கிக்கொண்டால் கணக்கு தீர்ந்துவிடும், அது எனக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் நான் பழிவாங்கும் யோசனையில் சுகமாக இருந்தேன். பற்சக்கரங்களை அளந்துகொண்டே யோசிப்பேன். மோட்டார் பெல்ட்டில் பிளேடு வைக்கலாம். ரிமோட்டைக் கம்பெனி கேன்டீன் சாம்பார் அண்டாவில் போடலாம். ஆனால் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் பலகை வளைகிற பலகை, பேட்டரிப் பெட்டி வளையாத பெட்டி. வளைவதையும் வளையாததையும் போல்ட் போட்டுப் பூட்டினால் ஏதாவது ஒன்று ஒரு நாள் உடையத்தான் வேண்டும். மின்சாரப் பலகைக்கு விறைப்பான கட்டை வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் ஆசையில் மறந்துவிட்டான். ஒவ்வொரு ஞாயிறும் அந்த உடைகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். உடையப்போவது என் பலகையாகவே இருந்தாலும் பரவாயில்லை, அவன் காலுக்கடியில், எல்லோரும் பார்க்க உடையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவனோ திருந்தாத ஆளாக இருந்தான். கட்சி மாறிய பிறகும் எங்களுக்கு முன்னால் வந்து வளைவைப் பெருக்கி வைத்துவிடுவான். அவன் சக்கரத்துக்கு அது தேவையே இல்லை. எங்கள் கூட்டத்தில் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. பெருக்கிய வளைவில் போகப் பிடிக்காமல் நான் வளைவுக்கு முன்பே பலகையை விட்டு இறங்கி நடந்துவிடுவேன். மேட்டில் நான் நடந்து ஏறும்போது பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு என் நடைக்கு ஓட்டப் பார்ப்பான். அந்த மோட்டாருக்கு அவ்வளவு மெதுவாகப் போகத் தெரியாது. திக்கித் திக்கி, குலுக்கிக் குலுக்கி வரும். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவேன். அவன் போகும்வரை கட்டிக்கொண்டே இருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். அத்தா ஜும்மாவுக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஷட்டருக்கு அடியில் குனிந்து அவன் உள்ளே வந்தான். கையில் பலகை. அச்சு, மோட்டார், பெட்டி எல்லாம் கழற்றி வெறும் கட்டையாகக் கொண்டுவந்திருந்தான். பெட்டியின் மூலை விரிசல் விட்டுவிட்டதாம். உடைந்தது பெட்டி, பலகை இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் பெருமை. இரண்டையும் முகத்தில் காட்டவில்லை.

"ரொம்ப வளையுது. அடியில இன்னும் ரெண்டு தாள் ஒட்டி வெறப்பா பண்ணிக் குடேன். உன்னாலதான் முடியும்" என்றான்.

அவன் கேட்டது என்ன என்று அவனுக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பலகையில் நான் செய்தது வளைவு ஒன்றுதான். மீதியெல்லாம் மரம், பசை. அந்த வளைவை என் கையாலேயே கொல்லச் சொன்னான்.

"வெச்சுட்டுப் போ" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்கே கொண்டுவந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

பலகையை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். முதலில் தோன்றியது, அவன் கேட்டபடியே தாள் ஒட்டித் தருவது, பசையைக் குறைத்துத் தடவுவது. சில வாரத்தில் தானாகப் பிரிந்து, சரிவில் அவனைக் கொண்டுபோய்ப் போடும். அதைச் செய்ய எனக்கு மனம் வந்தது, கை வரவில்லை. என் கையிலிருந்து பசை பிடிக்காத பலகை வெளியே போனால் அது என் வேலை என்று பேர். அவன் கை கால் உடைவதைப் பற்றி அப்போது நான் யோசித்த மாதிரி ஞாபகம் இல்லை.

எழுந்துபோய் ரம்ப மெஷினைப் போட்டேன். சின்ன வயதிலிருந்து பழகிய மெஷின். நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, குறுக்கே அறுத்தேன். பலகை எந்த எதிர்ப்பும் காட்டவில்லை. மரத்தூள் வாசனை அதைச் செய்த அன்றைக்கு வந்த அதே வாசனைதான். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை, நல்ல நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது யாருக்கும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அத்தா வந்து இரண்டு துண்டையும் பார்த்தார். நல்ல பலகையாச்சே என்றார். யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். குனிந்து ரம்பத்தின் பல்லைப் பார்த்துவிட்டு, உப்புத்தாள் ஒட்டினதைப் போய் இதில் கொடுத்தாயா, பல்லெல்லாம் போச்சு என்று சாயங்காலம் வரை திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கூட்டமும் மேலே இருந்தன. அவன் மிக்ஸிக்காரர்களிடம், புதுக் கட்டை வருகிறது என்று முன்கூட்டியே பெருமை அடித்திருக்க வேண்டும். நான் துணிப்பையோடு வந்ததும் எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். எனக்கும் கூட்டம் வேண்டியிருந்தது. பைக்குள் கை விட்டுப் பின்பாதியை எடுத்தேன். போல்ட் துளைகள் அதிகமாக இருந்த பாதி. அவன் கையில் கொடுத்தேன்.

"ஒன்னோட பங்கு இது. என் பங்கு வீட்ல இருக்குது" என்றேன்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர், என்ன காரியம்மா பண்ணிட்டே என்றார். எப்போதும் எங்களை அம்மி என்று சொல்கிற மின்சாரக்காரர் ஒருத்தர், ஓட்டுகிற பலகையை யாராவது அறுப்பாங்களா என்று மூத்தவரைப் பார்த்துக் கேட்டார். மூத்தவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அத்தனை நாளில் அந்த இரண்டு கூட்டமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. தள்ளுவண்டியும் மிக்ஸியும் ஒன்றாய் நின்று என்னை முறைத்தார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. நான் அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உடைய வேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தேன்.

அவன் முதலில் வெறித்துப் பார்த்தான். உதடு கோணியது. வருகிறது என்று நினைத்தேன். பிறகு துண்டைத் திருப்பி, அறுத்த முகத்தை வெயிலுக்குக் காட்டினான். கட்டைவிரலை அந்த விளிம்பின்மேல் வைத்து, ஒவ்வொரு தாளாக, மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினான். திரும்ப ஒருமுறை தடவினான். அவன் முகம் மாறியது. என்னிடம் நீட்டினான்.

"இங்க பாரேன். எங்கயுமே பிரியல. நடுவுல பசை எறங்கலியோன்னு ஜாக்கி திருப்பும்போதே எனக்குப் பயம். நல்லா எறங்கியிருக்குது."

நான் பார்த்தேன். என் வேலையே அதுதான். ஒரு விளிம்பை யாராவது நீட்டினால் கண் தானாகப் போய்விடும். தாளுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கட்டையாகப் பிடித்திருந்தது. அறுத்தால் ஒழிய அதை யாரும் பார்த்திருக்க முடியாது. அவன் ஜாக்கியை எவ்வளவு நிதானமாகத் திருப்பியிருந்தால் இப்படி வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கு உள்ளே குப்பென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. அடக்குவதற்குள் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். சுற்றி நின்றவர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அவன் மனத்தை அறுக்கத்தான் நான் அதை அறுத்தேன். அவன் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனான், என்னையும் கூடச் சேர்த்துக்கொண்டான். கேட்காமல் துளை போட்டதை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சிரிக்க வைத்ததை மன்னிக்க மாட்டேன்.